அந்த மாத்திரை அட்டையைக் கீழே வையுங்கள்

போன வாரம் ஒரு தெருநாயைக் கொண்டுவந்தார்கள். வண்டி இடித்து நான்கு நாள் ஆகியிருந்தது. பின்னங்கால் எலும்பு முறிவு. தூக்கி வந்த தம்பி, "வலி தெரியாமப் பாத்துக்கிட்டேன் டாக்டர்" என்று சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். ஐபுபுரூஃபன். பத்துக் குழியில் ஏழு காலி. நாயின் வாலைத் தூக்கிப் பார்த்தேன். தார் மாதிரி கறுத்த மலம் ஒட்டியிருந்தது. வயிற்றுக்குள் புண்ணாகி ரத்தம் கசிந்திருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகமும் கெட்டிருந்தது. மறுநாள் இறந்துவிட்டது. காலைச் சரிசெய்திருக்கலாம். சரியாகவில்லை என்றாலும்தான் என்ன, மூன்று காலில் ஓடித் திரியும் நாய்களை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

இந்த மாதம் இது மூன்றாவது.

"மனுஷனுக்குக் கொடுக்கிற மாத்திரைதானே, பாதியாக உடைத்துத்தான் கொடுத்தேன்" என்பார்கள். பாதியாக உடைத்தாலும் அது அதே மருந்துதான். ஐபுபுரூஃபனும் டைக்ளோஃபினாக்கும் நாயின் உடலில் நமக்கு வேலை செய்வதுபோல் செய்வதில்லை. சின்ன அளவே வயிற்றைப் புண்ணாக்கும். அடிபட்டு ரத்தம் இழந்த நாய்க்குச் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் ஏற்கெனவே குறைந்திருக்கும். அதை இந்த மாத்திரை இன்னும் குறைக்கும். நாங்கள் வலிக்கு மருந்து கொடுப்பதில்லையா? கொடுக்கிறோம். நாய்க்கென்று உள்ள மருந்தை, எடை போட்டு, நீர்ச்சத்து ஏற்றிய பிறகு. "மாத்திரை போட்டதும் அமைதியாத் தூங்கிச்சு" என்கிறார்களே, பல நேரம் அது தூக்கமில்லை, துவண்டு கிடப்பது.

அடுத்தது காய்ச்சல். தொட்டுப் பார்த்து "உடம்பு கொதிக்குது" என்று பாராசிட்டமால். நாயின் இயல்பான வெப்பமே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நம் கைக்கு அது எப்போதும் சூடாகத்தான் தெரியும்! பூனை வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: பூனைக்கு ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை போதும், உயிர் போய்விடும்.

சரி, வேறு என்னதான் செய்வது? முதலில் உங்கள் கையைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். எவ்வளவு சாதுவான நாயும் வலியில் கடிக்கும். தடித்த போர்வையைப் போட்டு மூடி, பலகையிலோ கெட்டி அட்டையிலோ மெல்ல நகர்த்தி ஏற்றுங்கள். முதுகெலும்பு அடிபட்டிருந்தால் அள்ளித் தூக்குவதே அதை முடமாக்கிவிடும். வாயைத் துணியால் தளர்வாகக் கட்டலாம். வாந்தி எடுத்தாலோ மூச்சுத் திணறினாலோ கட்டவே கூடாது. ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள், கயிற்றால் இறுக்காதீர்கள். குச்சி வைத்து நீங்களே கட்டிய கால், அழுகிப்போய் எங்களிடம் வருகிறது. வாயைத் திறந்து பாலோ தண்ணீரோ ஊற்ற வேண்டாம், நுரையீரலுக்குள் போய்விடும்.

புழுப்புண்ணில் மண்ணெண்ணெய், ஃபினாயில் ஊற்றுகிறவர்களிடம் என்ன சொல்வது? புண் வெந்துபோகும், மிச்சத்தை நாய் நக்கும். தயவுசெய்து வேண்டாம்.

இன்னொன்று. தாடை தொங்கி, எச்சில் வழிந்து, குரல் மாறிய நாயைப் பார்த்து "தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கு" என்று வாய்க்குள் கைவிடுகிறார்கள். ரேபிஸும் அப்படித்தான் இருக்கும். தொடாமல் ஆள் கூப்பிடுங்கள். கடியோ கீறலோ பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஊசிக்குப் போங்கள். நாய் பிழைக்குமா என்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

இடிபட்ட நாய் எழுந்து நடந்துவிட்டால் தப்பித்தது என்று விட்டுவிடாதீர்கள். உதட்டை விலக்கி ஈறைப் பாருங்கள். வெளுத்திருந்தால் உள்ளே ரத்தம் கசிகிறது, அப்போதே கிளம்புங்கள். சிறுநீர் போகிறதா என்றும் கவனியுங்கள். சிறுநீர்ப்பை கிழிந்த நாய் முதல் நாள் நன்றாகத்தான் நடமாடும்.

வரும்போது எப்போது அடிபட்டது, கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது, என்ன கொடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். மாத்திரை கொடுத்திருந்தால் மறைக்காமல் அட்டையையும் எடுத்து வாருங்கள். திட்டுவேன்தான். ஆனால் எத்தனை குழி காலி என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.