பில் போடும் முன்பே திருட்டு

லண்டனில் ஒரு கடையில் பொருளை எடுத்தவர் வாசலைத் தாண்டும் முன்பே பிடிபட்டால் அது திருட்டா, வெறும் முயற்சியா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். முழுத் திருட்டாகவே இருக்கலாம். இங்கிலாந்துச் சட்டம் வாசலைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

அங்கே 1968ஆம் ஆண்டின் திருட்டுச் சட்டம் ஐந்து விஷயங்களைக் கேட்கிறது: பொருள் சொத்தாக இருக்க வேண்டும், பிறருடையதாக இருக்க வேண்டும், அதைத் தனதாக்க வேண்டும், அதில் நேர்மையின்மை வேண்டும், நிரந்தரமாகப் பறிக்கும் எண்ணமும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் வழக்கு நிற்காது. அதிகபட்சத் தண்டனை 7 ஆண்டு.

என்னைக் கவர்ந்தது அந்தத் 'தனதாக்கல்'தான். ஒருவர் சூப்பர் மார்க்கெட்டில் பன்றி இறைச்சித் துண்டு ஒன்றின் விலைச் சீட்டை உரித்து, விலை கூடிய துண்டின்மேல் ஒட்டினார். 6.91½ பவுண்டு விலையுள்ள இறைச்சியின் விலை 2.73 பவுண்டு ஆனது. பில் போடும் இடத்தில் மாட்டிக்கொண்டார். பணமும் கொடுக்கவில்லை, இறைச்சியும் கடைக்குள்ளேதான் இருந்தது. ஆனாலும் திருட்டு முடிந்துவிட்டது என்றது, அப்போது நாட்டின் உச்சகட்ட நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, 1983இல். ஒரு பொருள்மீது உரிமையாளருக்குப் பல உரிமைகள் உண்டு. அத்தனையையும் பறிக்க வேண்டியதில்லை, ஒன்றில் கைவைத்தாலே போதும். விலை குறிப்பது கடைக்காரரின் உரிமை.

1992இல் அதே சபை இன்னும் ஒரு படி போனது: உரிமையாளர் சம்மதித்திருந்தாலும் தனதாக்கல்தான். அப்படிப் பார்த்தால் கூடையில் சோப்பு போடும் எல்லோருமே தனதாக்குகிறோம். நம்மைக் காப்பாற்றுவது மனசு மட்டும்தான். இது கொஞ்சம் அதிகம் என்பது என் கருத்து. செயலுக்கு மதிப்பே இல்லாமல் போகிறது. அந்த மனசு நேர்மையானதா என்பதைச் சாதாரண மக்களின் அளவுகோலால் பார்க்க வேண்டும் என்று 2017இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் சொன்னது.

சரி, எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க நினைத்தால்? லிவர்பூல் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் தேர்வுக்கு முன்பே வினாத்தாளைக் கைப்பற்றினார். படித்துவிட்டுத் தாளைத் திருப்பி வைப்பதுதான் திட்டம். அதனால் தாளைத் திருடியதாகாது. அதில் இருந்த தகவலோ சட்டப்படி சொத்தே இல்லை. தப்பித்தார். நிறுவனத்தின் பெட்டகத்திலிருந்து பணம் எடுத்து, திங்கட்கிழமை வைத்துவிடுவேன் என்று சொன்ன இன்னொருவருக்கு அந்த வாதம் உதவவில்லை. அவர் திருப்பி வைக்கப்போவது வேறு நோட்டுகளை. எடுத்த நோட்டுகள் போனது போனதுதான்.