செட்டியார் தெரு அடகுக்கடையும் கடல் முள்ளெலியின் முளையமும்

கொழும்பு செட்டியார் தெருவில் காப்பை அடகு வைத்தவர்களுக்குத் தெரியும்: தராசில் நிறுத்து, சின்ன உறையில் போட்டு, துண்டு எழுதித் தருவார்கள். காப்பு உங்களுடையதுதான், ஆனால் கையில் இல்லை. உயிர்க்கலத்துக்குள் நாகத்தை (துத்தநாகம் என்ற உலோகத்தை) இப்படி வாங்கி வைக்கும் புரதம் ஒன்று இருக்கிறது. பெயர் மெற்றலோதயோனீன். 1957இல் முதன்முதலாகக் குதிரையின் சிறுநீரகத்திலிருந்து பிரித்தெடுத்தார்கள்.

ஆள் சின்னதுதான். கடற்பாறைகளில் வாழும், உடம்பெல்லாம் முள்ளுள்ள கடல் முள்ளெலியில் 64 அமினோ அமிலங்கள். அதில் 20 சிஸ்ரீன் என்ற வகை. சிஸ்ரீனில் இருக்கும் கந்தகம் உலோகத்தைக் கண்டால் விடாது. இருபதும் சேர்ந்து ஏழு நாக அயன்களைச் சுற்றி வளைத்துக்கொள்ளும். நாகம் தேவைப்படுகிற புரதங்களுக்கு அதைத் திருப்பிக் கொடுக்கவும் செய்யும். நச்சு உலோகமான கட்மியம் மட்டும் மீட்காமல் மூழ்கிப்போன நகை மாதிரி, இலேசில் வெளியே வராது. வராமல் இருப்பதே கலத்துக்கு நல்லது.

வெள்ளவத்தையில் தண்டவாளத்தைக் கடந்து பாறையில் இறங்கி, காலில் முள் ஏறியவருக்குக் கடல் முள்ளெலி மேல் இரக்கம் வராது. ஆனால் அதன் முளையம் பாவம். முட்டை ஒரு மில்லிமீற்றரில் பத்திலொரு பங்குதான் வரும். முள்ளும் இல்லை, தாயின் காவலும் இல்லை. கடல்நீரில் என்ன கரைந்திருக்கிறதோ அதற்குள்ளேயே வளரவேண்டும். நாகம் மிஞ்சினால் குடலும் எலும்புக்கூடும் உருவாகாமல், பெரும்பாலும் வெறும் தோல்பந்தாக நின்றுவிடும்.

சரி, எப்போது, எங்கே இந்தப் புரதத்தைச் செய்வது என்று முளையம் எப்படி அறிகிறது? அமெரிக்க மேற்குக் கரையின் ஊதா முள்ளெலியில் இதை நுணுக்கமாகப் பார்த்திருக்கிறார்கள். அதில் மெற்றலோதயோனீனைச் செய்யும் எம்டி-ஏ என்ற மரபணுவின் முன்பகுதியில் சில எழுத்துகள் நீளமுள்ள டி.என்.ஏ. துண்டுகள் உண்டு. உலோகம் கூடும்போது மரபணுவை முடுக்கிவிடும் ஆளி அவைதான். அத்தகைய துண்டுகள் நம் மரபணுக்களிலும் இருக்கின்றன.

ஆனால் உலோகம் எல்லாக் கலத்துக்குள்ளும்தான் போகிறது. எம்டி-ஏயோ வாய்க்கு எதிர்ப்பக்கத் தோலில் மட்டுமே வேலை செய்கிறது. குடலையும் வாய்ப்பக்கத்தையும் எம்டி-பி என்ற உறவுக்கார மரபணு பார்த்துக்கொள்கிறது. இடத்தைத் தீர்மானிப்பது எது? எம்டி-ஏயின் நடுவே, புரதத்துக்கான செய்தி எதுவும் இல்லாத முதலாவது இன்ட்ரோன். பலரும் வெறும் இடைநிரப்பி என்று ஒதுக்குகிற பகுதி அது. அதை வெட்டியெடுத்துவிட்டு, முன்பகுதி ஆளியை மட்டும் முட்டைக்குள் செலுத்திப் பார்த்தார்கள். எதிர்ப்பக்கத் தோலோடு நிற்கவேண்டியது, மற்றப் பக்கங்களிலும் வேலை செய்யத் தொடங்கியது.