சிவப்பாகத் தெரிந்தால் ஈசினோஃபிலா?

நம் ரத்தத்தை எண்ணுகிற மெஷினில் கடல்மீன் ரத்தத்தை விட்டுப் பாருங்கள், வெள்ளையணு கணக்கு தாறுமாறாக ஏறிவிடும். நம் சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது. மருந்து ஊற்றி அதை உடைத்துவிட்டால் மிஞ்சுவது வெள்ளையணு, எண்ணிவிடலாம். மீனின் சிவப்பணுவுக்கோ உட்கரு உண்டு, உடைத்தாலும் அந்த உட்கரு மிதந்துகொண்டே இருக்கும், மெஷின் அதையும் வெள்ளையணு என்று சேர்த்துக்கொள்ளும். அதனால் இன்றைக்கும் கண்ணை நம்பித்தான் வேலை.

கொடுவா மாதிரி ஒரு மீனை எடுத்துக்கொள்வோம். கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணீரில் மயங்கவைத்து, வால் பக்கம் முதுகெலும்பைத் தொடும்வரை ஊசியை இறக்கினால் அதன் அடியில் ஓடும் நாளத்தில் ரத்தம் கிடைக்கும். ஒரு சொட்டை ஸ்லைடில் மெல்லிசாக இழுத்து, காயவைத்து, மெத்தனாலில் முக்கி, கீம்சா சாயம் போட்டு ஆயிரம் மடங்கு பெரிதாக்கிப் பார்க்க வேண்டும்.

முதல் தகராறு லிம்போசைட் என்ற வெள்ளையணுவுக்கும், ரத்தத்தை உறையவைக்கும் த்ரோம்போசைட்டுக்கும். ரத்தம் உறைய நம் உடம்பில் துணுக்குகள்தான் இருக்கின்றன, மீனுக்கு அது உட்கருவோடு கூடிய முழு அணு. கதிர் மாதிரி நீண்டிருந்தால் த்ரோம்போசைட் என்று சொல்லிவிடலாம், ஆனால் அது உருண்டுகொண்டால் லிம்போசைட்டேதான் என்று தோன்றும். ஓரத்தைப் பாருங்கள்: உட்கருவைச் சுற்றி மெல்லிய நீலக் கரை இருந்தால் லிம்போசைட்; நிறமே இல்லாமல், நாலைந்து ஒன்றாக ஒட்டிக்கொண்டு கிடந்தால் த்ரோம்போசைட். மோனோசைட் என்ற இன்னொரு வெள்ளையணு பெரிசு, உள்ளே குமிழ் குமிழாக இருக்கும், அது அவ்வளவு ஏமாற்றாது.

உண்மையில் ஏமாற்றுவது பெயர்கள். 1879-இல் பால் எர்லிக் ஈசின் என்ற சிவப்புச் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும் வெள்ளையணுக்களைப் பிரித்துக் காட்டினார், ஈசினோஃபில் என்ற பெயர் அப்படித்தான் வந்தது. அந்த அணுக்களை அவர் மீனில் பார்த்துப் பெயர் வைக்கவில்லையே! மத்தியதரைக் கடல் பண்ணைகளில் வளர்க்கும் கில்ட்ஹெட் சீபிரீம் மீனில் ஒரு அணு இருக்கிறது, அதன் துகள்கள் ஈசினைப் பிடித்துச் சிவக்கும், நம்மூர் லேபில் காட்டினால் யோசிக்காமல் ஈசினோஃபில் என்று எழுதிவிடுவார்கள், ஆனால் கிருமி நுழைந்த இடத்துக்கு முதலில் ஓடிப்போய் அதை விழுங்கி, ஆக்சிஜன் நஞ்சைக் கக்குவது அதுதான், அதாவது நம் உடம்பில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு செய்கிற வேலை. எனவே அமிலச் சாயத்தை நாடுவது என்ற பொருளில் அமிலநாட்ட அணு என்று தனியாகச் சொல்கிறார்கள். சுறாக்களில் இன்னும் குழப்பம், வம்பே வேண்டாமென்று சில ஆய்வாளர்கள் துகளுள்ள அணுக்களுக்கு (கிரானுலோசைட்) ஜி1, ஜி2, ஜி3 என்று நம்பர் போட்டுவிட்டார்கள். எனக்கு அதுதான் நேர்மையாகப் படுகிறது.

சரி, வகை பிரித்தாயிற்று, இருநூறு அணுக்களை எண்ணி விகிதமும் போட்டாயிற்று. நியூட்ரோஃபில் அதிகம் என்றால் நோயா? மீனை வலையில் தவிக்கவிட்டிருந்தாலும் கார்டிசால் என்ற பதற்ற ஹார்மோன் ஏறி, சில மணி நேரத்தில் லிம்போசைட் குறைந்து நியூட்ரோஃபில் கூடிவிடும். அதனால் பிடித்த நேரம், ரத்தம் எடுத்த நேரம் இரண்டையும் ஸ்லைடின் ஓரத்திலேயே குறிக்க வேண்டும், அதுவும் பென்சிலால், ஏனென்றால் பேனா மை மெத்தனாலில் கரைந்து போய்விடும்.