சைலோவின் அடியில் தங்கிவிடும் தானியம்

மதுரை மாவட்டத்தில் திருமங்கலம், பேரையூர், தே.கல்லுப்பட்டி பக்கத்துக் கரிசல் காடுகளில் புரட்டாசி மழையை நம்பி விதைத்த மக்காச்சோளம், தை மாசியில் களத்துக்கு வந்து சேர்கிறது. அதில் பெரும்பகுதி கோழித் தீவனமாகிறது. ஆண்டு முழுவதும் அரைக்க வேண்டிய ஆலைகள், அறுவடைக் காலத்தில் வாங்கியதை உயரமான உருளை வடிவ இரும்புக் கலன்களான சைலோக்களில் நிரப்பி வைக்கின்றன. தட்டையான தரை, நடுவில் ஒரு குழி. குழியின் கதவைத் திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் வடிந்துவிடும் என்றுதான் வெளியில் நிற்பவருக்குத் தோன்றும். வடியாது.

தண்ணீருக்குச் சரிவு நிற்காது, தானியத்துக்கு நிற்கும். மணியோடு மணி உரசிப் பிடித்துக்கொள்வதால், ஒரு குறிப்பிட்ட கோணம் வரை குவியல் சரியாமல் இருக்கும். பள்ளி இயற்பியலில் இதைச் சறுக்குக் கோணம் என்று படித்திருப்போம். காய்ந்த மக்காச்சோளத்துக்கு இது ஏறக்குறைய 25 பாகை. நெல்லுக்கு உமியின் சொரசொரப்பால் இன்னும் அதிகம். நடுக்குழி வழியே தானியம் இறங்க இறங்க, உள்ளே கூம்பு வடிவில் ஒரு பள்ளம் விழும். பள்ளத்தின் சரிவு 25 பாகைக்கு வந்ததும் ஓட்டம் நின்றுவிடும்.

எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். 10 மீட்டர் விட்டமுள்ள சைலோவில் சுவரோரம் தானியம் 2.3 மீட்டர் உயரத்துக்கு நிற்கும். அந்த உயரம் வரையுள்ள உருளையில் மூன்றில் ஒரு பங்குதான் கூம்புப் பள்ளம். மற்ற இரண்டு பங்கும் தானியம். அதாவது சுமார் 122 கன மீட்டர். ஒரு கன மீட்டர் மக்காச்சோளம் 720 கிலோ என்று கொண்டால், 88 டன் அடியிலேயே கிடக்கிறது. சைலோ 10 மீட்டர் உயரத்துக்கு நிரம்பியிருந்தால், இது மொத்தச் சரக்கில் 15 சதவீதத்துக்கும் மேல்.

இந்த மிச்சம்தான் ஆபத்தான மிச்சம். நடுவில் வடியும் சைலோவில் மேலே இருப்பது முதலில் வெளியேறும். சுவரோரம் அடியில் இருப்பது முதலில் வந்து கடைசி வரை தங்கும். அதை அப்படியே விட்டு மேலே புதுச் சரக்கைக் கொட்டினால், வண்டும் பூஞ்சையும் பழையதிலிருந்து புதியதற்கு ஏறிக்கொள்ளும். ஈரப்பதம் 14 சதவீதத்தைத் தாண்டிய மூலையில் அஃப்ளடாக்சின் நஞ்சை உண்டாக்கும் பூஞ்சை வளர்ந்தால், பாதிப்பு கோழிகளுக்கு.

அந்த 88 டன்னை இழுத்துத் தருவதற்காகத் தரையை ஒட்டிக் கிடக்கும் நீண்ட திருகுதான் ஸ்வீப் ஆகர். நடுக்குழியிலிருந்து சுவர் வரை நீளும் இரும்புக் குழாய், அதைச் சுற்றித் திருகாணியின் மரை போல ஓடும் புரித்தகடு. தன் அச்சில் சுழன்று தானியத்தை நடுவுக்குத் தள்ளிக்கொண்டே, முழு நீளத்தோடு கடிகார முள்ளைப் போலத் தரையைச் சுற்றி வரும். கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆர்க்கிமிடீசின் பெயரால் வழங்கும் நீரேற்றுத் திருகின் வாரிசு இது.

திருகு சுழன்றால் தானியம் ஏன் நகர்கிறது என்பதைப் புரிந்துகொள்ளாமல் பழுது பார்ப்பது வீண். தானியமும் திருகோடு சேர்ந்து சுழன்றால் ஓர் அங்குலம்கூட முன்னேறாது. அதைச் சுழலவிடாமல் ஏதோ ஒன்று பிடித்து நிறுத்த வேண்டும். மூடிய ஸ்குரூ கன்வேயரில் அந்த வேலையைச் சுற்றியுள்ள தொட்டி செய்கிறது. ஸ்வீப் ஆகருக்குத் தொட்டி கிடையாது. கீழே தரை, முன்னால் தானியச் சரிவு, பின்னால் ஒரு தகடு. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் அதன் தொட்டி. எனவே புரித்தகட்டுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியும் பின்தகடும் சரியில்லை என்றால், எந்த மோட்டாரை மாட்டினாலும் பயனில்லை. ஆகர் இழுக்கவில்லை என்றதும் மோட்டாரைப் பெரிதாக்குவது எளிதில் தோன்றும் வைத்தியம். பெரும்பாலும் அது தவறான வைத்தியம்.

பழைய ஆகரில் முதலில் பார்க்க வேண்டியது புரித்தகட்டின் ஓரம். புதிதில் சதுரமாக இருந்த விளிம்பு தேய்ந்து மெலிந்து, பளபளப்பாகி, விரலை வைத்தால் அறுக்கும் அளவுக்குக் கூர்மையாகியிருக்கும். நடுக்குழியை ஒட்டிய புரிகளில் தேய்மானம் மிக அதிகம். வெளியேறும் அத்தனை தானியமும் அவற்றைக் கடந்துதான் போயாக வேண்டும். நெல் ஏற்றிய சைலோ என்றால் தேய்மானம் இன்னும் வேகமாக நடக்கும். உமியில் சிலிக்கா நிறைய.

தேய்மானத்தின் விலை என்ன? 20 செ.மீ. விட்டம், 5 செ.மீ. குழாய், 20 செ.மீ. புரியிடைத் தூரம் (ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் உள்ள இடைவெளி) உள்ள திருகு, முழுதாக நிரம்பினால் ஒரு சுற்றுக்கு 5.9 லிட்டர் தள்ளும். ஓரம் 1 செ.மீ. தேய்ந்து விட்டம் 18 ஆனால் அது 4.7 லிட்டர்தான். விட்டத்தில் பத்து சதவீதம் போனது, திறனில் இருபது சதவீதத்தைக் கொண்டு போகிறது. நிமிடத்துக்கு 150 சுற்று, மூன்றில் ஒரு பங்கு நிரப்பு என்று வைத்தால், நமது 122 கன மீட்டருக்குப் புதிய திருகு 7 மணி நேரம் எடுக்கும். தேய்ந்தது 9 மணி நேரத்தை நெருங்கும். தரையோடு உள்ள இடைவெளியும் கூடுவதால் அடியில் ஒரு படலம் கூடுதலாகத் தங்கும். அந்த இடைவெளி ஒரு மணியின் பருமனை ஒட்டி அமைந்துவிட்டால் அதுதான் மிக மோசம்: மணி ஆப்பாகச் சிக்கி நொறுங்கும், மோட்டார் முனகும்.

புதுப் புரித்தகடு செய்ய வெளிநாட்டுக்கு எழுத வேண்டியதில்லை. கப்பலூர் தொழிற்பேட்டையிலோ கே.புதூரிலோ உள்ள ஒரு நல்ல பட்டறை போதும். இரும்புத் தகட்டில் வளையம் வெட்டி, ஓரிடத்தில் பிளந்து, இரு முனைகளையும் எதிரெதிராக இழுத்தால் ஒரு புரி கிடைக்கும். 20 செ.மீ. திருகு வேண்டும் என்று 20 செ.மீ. வளையத்தையே வெட்டினால் கெட்டது. இழுக்கும்போது வளையம் சுருங்கும். எனவே விரிந்த அளவில் வெட்ட வேண்டும். மேலே சொன்ன திருகில் ஒரு புரியின் வெளிவிளிம்பு 659 மி.மீ., உள்விளிம்பு 254 மி.மீ. நீளம், தகட்டின் அகலம் 75 மி.மீ. இந்த மூன்றையும் வைத்துக் கணக்கிட்டால், வளையத்தின் வெளிவிட்டம் 244 மி.மீ., உள்துளை 94 மி.மீ. என்று வருகிறது. இவ்வளையம் ஒரு புரிக்குத் தேவையானதைவிடச் சற்று நீளம். 51 பாகை அளவுக்கு ஒரு துண்டை நறுக்கிவிட்டால் கச்சிதமாகக் குழாயில் உட்காரும். எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய எண்கள் இவை. வலப்புரியா இடப்புரியா என்பதையும் பற்றவைக்கும் முன் பார்த்துவிட வேண்டும். மாறிவிட்டால் தானியம் சுவரை நோக்கி ஓடும்.

விளிம்பின் மேல் கடினமான உலோகப் பூச்சை வெல்டிங் செய்தால் ஆயுள் கூடும். இந்த வேலை அனைத்தும் திருகைக் கழற்றி வெளியே கொண்டுவந்துதான். தானியத் தூசி காற்றில் பரவி நிற்கும் அறையில் ஒரு பொறி போதும், வெடிக்க.

பழையதைச் சரிசெய்வதோடு நிற்காமல் மேம்படுத்தவும் இடமிருக்கிறது. வட்டத்தின் பரப்பு ஆரத்தின் வர்க்கத்தோடு வளர்வதால், திருகின் வெளிமுனையில் உள்ள முப்பது சதவீத நீளம்தான் தரையின் பாதிப் பரப்பைக் கூட்டிப் பெருக்க வேண்டியிருக்கிறது. புரியிடைத் தூரம் முழு நீளத்துக்கும் ஒன்றே என்றால், வெளிமுனை முதல் சில புரிகளிலேயே நிரம்பிவிடும். அதற்கு உள்ளே இருக்கும் பகுதி புதிதாக எதையும் எடுக்க இடமின்றிச் சுழலும். சுவரோரம் நெருக்கமான புரிகள், நடுவை நோக்கி வர வர அகலமான புரிகள் என்று அமைத்தால் முழு நீளமும் வேலை செய்யும். புதுப் புரிகளைப் பற்றவைக்கும் நேரத்தில் இதைச் செய்துவிடலாம். கூடுதல் செலவு அதிகமில்லை.

பின்தகடு வளைந்திருந்தால் நிமிர்த்தி, அதன் கீழ்விளிம்பில் பழைய கன்வேயர் பெல்ட் துண்டைத் தரையைத் தொடும்படி போல்ட் போட்டு மாட்ட வேண்டும். அடியில் தங்கும் படலத்தை அது வழித்துக்கொண்டு வரும்.

வெளிமுனையில் உள்ள சக்கரம்தான் ஆகரைச் சுற்றி நகர்த்துகிறது. அது வேகமாகத் தள்ளினால் திருகு சரிவுக்குள் புதைந்து மோட்டார் நின்றுவிடும். மெதுவாகத் தள்ளினால் திருகு அரைவயிற்றோடு சுழன்று மணிகளை உடைக்கும். திருகின் சுழல்வேகத்தைக் கூட்டுவதும் இதே தவறுதான். வேகம் கூடினால் தானியம் வெளியே வீசப்பட்டு நிரப்பு குறையும், குருணை கூடும். நிதானமான சுற்று, நிறைந்த திருகு என்று பார்த்துச் சக்கரத்தின் ஸ்ப்ராக்கெட்டை (பற்சக்கரத்தை) மாற்ற வேண்டும்.

சக்கரம் வழுக்குகிறது என்று ஓர் ஆளை உள்ளே விட்டுக் கட்டையால் தள்ளச் சொல்வதை நான் எந்த நிலையிலும் ஏற்கமாட்டேன். சுழலும் புரிக்கு மூடி கிடையாது. மேலே நிற்கும் 2.3 மீட்டர்ச் சரிவு எப்போது வேண்டுமானாலும் இறங்கும். ஓடும் தானியம் ஒரு மனிதரைச் சில விநாடிகளில் முழங்காலுக்கு மேல் பிடித்துவிடும். பிறகு அவரால் தானாக வெளியேற முடியாது. சக்கரத்துக்குப் புது ரப்பர் போடும் செலவு மிகச் சிறியது. கடைசியாகத் தரையைப் பெருக்க ஆள் இறங்கியே ஆக வேண்டும் என்றால், மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டி, சாவியை இறங்குபவர் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும். வெளியே ஒருவர் காவல் நிற்க வேண்டும்.

இறுதியாக, இயக்கும் வரிசை. முதலில் நடுக்குழியை மட்டும் திறந்து, தானாக வடிவது முழுவதும் நின்ற பிறகே ஆகரை ஓட்ட வேண்டும். நடுக்குழியோடு பக்கத்திலும் குழி உள்ள சைலோ என்றால், அது நிறைந்திருக்கும்போது பக்கத்துக் குழியை முதலில் திறந்தால் தானியம் ஒருபக்கமாக இறங்கி, சுவரின் மேல் அழுத்தம் சமமின்றி விழும். மெல்லிய இரும்புச் சுவர் அந்தப் பக்கமாக நசுங்கிவிடும்.