ஸ்பானருக்குத் தமிழ் என்ன?

பினாங்கு லோரோங் கூலிட் காலைச் சந்தையில் பழைய கைக்கருவிகளைத் தார்ப்பாயில் பரப்பி விற்பார்கள். கூலிட் என்றால் மலாயில் தோல். போன ஞாயிறு அங்கே துருவேறிய ஸ்பானர் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்தேன். '3/8 டபிள்யூ' என்ற முத்திரை தெரிந்தது. டபிள்யூ என்பது விட்வொர்த். ஆங்கிலேயப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் 1841-இல் வகுத்த மரையளவு, அதாவது திருகாணியில் ஓடும் சுருள்வரியின் அளவு அது. 3/8 என்பது ஸ்பானரின் வாயளவு அல்ல, போல்ட்டின் தடிமன். வாய் முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்கும்.

"அப்பா, ஸ்பானருக்குத் தமிழ்ல என்ன?" என்று மகள் கேட்டாள்.

நான் வாய் திறப்பதற்குள் கடைக்கார அண்ணன், "ஸ்பானர்தான்மா. எங்க தாத்தாவும் அப்படித்தான் சொன்னாரு" என்றார்.

அவர் சொன்னது நடப்பு. ஆனால் அந்தச் சொல் ஆங்கிலத்துக்கே இரவல்தான். ஜெர்மனில் ஷ்பானென் என்றால் இழுத்து இறுக்குதல். 17-ஆம் நூற்றாண்டில் சக்கர விசைத் துப்பாக்கி என்று ஒன்று இருந்தது. சுடுவதற்கு முன் அதன் சக்கரத்தை முறுக்கி விசையை ஏற்ற வேண்டும். அதற்கான சதுரத் துளைச் சாவிக்குத்தான் முதலில் ஸ்பானர் என்று பெயர். நட்டு திருகும் கருவிக்கு அந்தப் பெயர் வந்தது 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில். அமெரிக்கர்கள் ரெஞ்ச் என்பார்கள், முறுக்குதல் என்ற பழைய வினையிலிருந்து வந்தது. நம்மை ஆண்டவர்கள் ஆங்கிலேயர்கள் என்பதால் நமக்கு வாய்த்தது ஸ்பானர். மலாய்க்காரர்களும் ஸ்பனார் என்றே சொல்கிறார்கள்.

சரி, தமிழ் எப்படிப் பெயர் வைக்கும்? உளியைப் பாருங்கள். மரத்தைச் செதுக்குவது உளி. மரத்தை இழைத்து வழவழப்பாக்குவது இழைப்புளி. (மலாயில் இதற்குக் கெத்தாம் என்று பெயர், நண்டுக்கும் அதே சொல்.) ஸ்க்ரூடிரைவர் வந்தபோது தமிழ் திகைத்து நிற்கவில்லை. நுனி உளிபோல் தட்டையாக இருக்கிறது, வேலை திருப்புவது. ஆகவே திருப்புளி. இவ்வளவு பொருத்தமான சொல்லைப் பள்ளிப் பிள்ளைகள்கூடக் கேள்விப்படாமல் வளர்வது எனக்கு வருத்தம். கருவியைப் பார்த்த மாத்திரத்தில் பெயர் புரிகிறதே!

ஸ்பானருக்குத் திருகுகுறடு என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. குறட்டுக்கு இரண்டு தாடை உண்டு, கையை அழுத்தினால் அவை மூடிக் கவ்வும். பிளையர்தான் குறடு, அதற்குப் புதுச் சொல்லே வேண்டாம். சாதாரண ஸ்பானரின் வாய் மூடாது, திறந்தபடியே நட்டைப் பற்றும்.

முடுக்கி என்றும் ஒரு சொல் உண்டு. முடுக்குதல் என்றால் திருகி இறுக்குதல், விரைவுபடுத்துதல். "பணிகள் முடுக்கிவிடப்பட்டன" என்று நாளிதழில் வருவது இந்த வினைதான். ஜெர்மன் சொல்லின் பொருளுக்கும் இது வெகு அருகில் நிற்கிறது. ஆனால் இயற்பியல் நூல்களில் துகள் முடுக்கி (அணுத்துகள்களை வேகப்படுத்தும் பொறி) ஏற்கெனவே இடம்பிடித்துவிட்டது. அதனால் நான் முன்னால் மரை சேர்த்து மரைமுடுக்கி என்பேன். மரை என்பது திருகாணியிலும் நட்டிலும் ஓடும் சுருள்வரி. ஒருவரை "மரை கழன்றவன்" என்று திட்டுகிறோமே, அதே மரை.

அரத்துக்கும் சுத்தியலுக்கும் இந்தத் தேடல் தேவையில்லை. உட்பகையால் குடி தேய்வதை "அரம்பொருத பொன்போலத் தேயும்" என்கிறது 888-ஆம் குறள். அராவும் கருவி அரம், அவ்வளவு பழையது. சுத்தியலோ உறவு மொழிகளிலும் உண்டு: தெலுங்கில் சுத்தி, கன்னடத்தில் சுத்திகெ.

அப்புறம், மகள் கேட்ட கடைசிக் கேள்வி ஆலன் கீ, அதாவது வளைந்த அறுகோணக் கம்பிச் சாவி. அது ஆள்பெயர். அமெரிக்காவின் வில்லியம் ஆலன் 1910-இல் அறுகோணக் குழித்தலைத் திருகாணி செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அந்தப் பெயர் இருக்கட்டும், கீயை மட்டும் மாற்றி ஆலன் சாவி என்றால் போதும்.