ஹைட்ரஜனின் நான்கு கோடுகளும் நீல்ஸ் போரும்

ஹைட்ரஜன் அடைத்த கண்ணாடிக் குழாய்க்கு உயர் மின்னழுத்தம் கொடுத்தால் இளஞ்சிவப்பாக ஒளிரும். அந்த ஒளியை முப்பட்டகம் வழியாகப் பாருங்கள், வானவில் தெரியாது. இருட்டுக்கு நடுவே தனித்தனிக் கோடுகள்தான் தெரியும்: 656 நானோமீட்டரில் சிவப்பு, 486-இல் நீலப்பச்சை, 434-இலும் 410-இலும் ஊதா. இந்த நான்கு எண்களும் ஒரே சூத்திரத்துக்குள் அடங்குவதை 1885-இல் பாசல் நகரப் பள்ளி ஆசிரியர் பால்மர் காட்டினார். ஏன் அடங்குகின்றன என்பதுதான் யாருக்கும் பிடிபடவில்லை.

இதற்கிடையே 1911-இல் ரூதர்ஃபோர்டு அணுக்கருவைக் கண்டறிந்தார். அதனால் தலைவலி கூடியது. சுற்றிவரும் எலெக்ட்ரான் ஒளியை உமிழ்ந்து, ஆற்றலை இழந்து, கண்ணிமைப்பதற்குள் கருவில் விழுந்துவிட வேண்டும் என்றது பழைய இயற்பியல். ஆனால் அணுக்கள் அப்படியே நிற்கின்றனவே!

மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டிடம் இருந்துவிட்டுக் கோபன்ஹேகன் திரும்பியிருந்த டென்மார்க் இயற்பியலாளர் நீல்ஸ் போர், 1913-இல் பால்மர் சூத்திரத்தைப் பார்த்ததும் முடிச்சை அவிழ்த்தார். எலெக்ட்ரானுக்குச் சில ஆற்றல் நிலைகள் மட்டுமே உண்டு. அவற்றில் இருக்கும்வரை அது ஒளிராது, மேல் நிலையிலிருந்து கீழ் நிலைக்கு இறங்கும்போதுதான் மிச்ச ஆற்றல் ஒளியாக வெளிவரும் என்றார். ஹைட்ரஜனில் இரண்டாம் நிலை -3.40 எலெக்ட்ரான் வோல்ட் (அணு அளவிலான ஆற்றலுக்கான அலகு), மூன்றாம் நிலை -1.51. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கினால் மிச்சம் 1.89. அந்த ஆற்றலுள்ள ஒளியின் அலைநீளம் 656 நானோமீட்டர், அதாவது நம் சிவப்புக் கோடு! நான்கிலிருந்து இரண்டுக்கு இறங்கினால் 2.55, அது நீலப்பச்சை.

பாடநூல்கள் போரின் அணுவைக் குட்டிச் சூரியக் குடும்பமாக வரைவது அவருக்குச் செய்யும் அநியாயம் என்பேன். வட்டப்பாதைகள் பின்னாளில் காலாவதியாகிவிட்டன. எலெக்ட்ரான் சுற்றும் வேகத்துக்கும் உமிழும் ஒளியின் அதிர்வெண்ணுக்கும் நேரடித் தொடர்பில்லை, இரு நிலைகளுக்கு இடையேயான ஆற்றல் வேறுபாடுதான் நிறத்தைத் தீர்மானிக்கிறது என்றாரே, அதுதான் துணிச்சல். அது இன்றும் நிற்கிறது. எங்கே போய் நிற்கப்போகிறோம் என்று எலெக்ட்ரானுக்கு முன்கூட்டியே எப்படித் தெரியும் என்று ரூதர்ஃபோர்டு கடிதத்தில் கேட்டார். நல்ல கேள்வி. அன்று போரிடம் பதில் இல்லை.

அடுத்த சோதனை சீட்டா பப்பிஸ் என்ற விண்மீனிலிருந்து வந்தது. அதில் தெரிந்த சில கோடுகளை எல்லோரும் ஹைட்ரஜன் கணக்கில் எழுதியிருந்தார்கள். இல்லை, அவை ஒரு எலெக்ட்ரானை இழந்த ஹீலியத்தின் கோடுகள் என்றார் போர். ஹீலியம் கருவின் மின்னூட்டம் இரு மடங்கு; கோடுகளின் சூத்திரத்தில் வரும் மாறாத எண் (மாறிலி) அந்த மின்னூட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆகவே அது ஹைட்ரஜனின் மாறிலியைப் போல சரியாக 4 மடங்கு வர வேண்டும். ஆய்வகத்தில் அந்தக் கோடுகளை அளந்த ஆங்கிலேய வானியலாளர் ஃபவுலர், 4.0016 வருகிறதே என்று மடக்கினார். சரி, கருவும் அசையாமல் இருப்பதில்லை, எலெக்ட்ரானோடு சேர்ந்து அதுவும் லேசாக ஆடும் என்று போர் திருத்திக் கணக்கிட்டார். விடை 4.00163!

ஆனால் இரண்டு எலெக்ட்ரான்களும் உள்ள சாதாரண ஹீலியத்திடம் இந்தக் கணக்கு பலிக்கவில்லை. 1922-இல் போருக்கு நோபல் பரிசு கிடைத்தபோதும் அந்தச் சிக்கல் அப்படியே இருந்தது. 1926-இல், அவரிடம் பணியாற்றிய ஹைசன்பெர்க்தான் புதிய குவாண்டம் இயக்கவியலைக் கொண்டு அதைத் தீர்த்தார்.