பி.ஆர்.பி: ‘சிறுதட்டு செறிந்த குருதி நீர்மம்’

சென்ற பொங்கலுக்கு முந்திய வாரம் சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிவிட்டுத் தேநீர் குடிக்க உட்கார்ந்தபோது, சித்தி தம் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். விடுமுறைக்குச் சென்னை செல்லும்போது முடி மெலிவுக்குச் சிகிச்சை எடுத்துக்கொள்ளலாம் என்று உறவினர் ஒருவர் அனுப்பியிருந்த விளம்பரத் தாள் அது. இயந்திர மொழிபெயர்ப்பில் வந்திருந்த அதன் தலைப்பு, ‘பிளேட்லெட் பணக்கார பிளாஸ்மா’. “ஏம்ப்பா, யாரோ ஒருத்தர் ரத்தத்தை வாங்கி நம்ம தலையில ஏத்துவாங்களா?” என்று அவர் கவலையோடு கேட்டார். ஏற்றுவது அவருடைய சொந்த ரத்தத்தின் ஒரு பகுதியைத்தான் என்பதை அந்த மூன்று சொற்களில் ஒன்றுகூட அவருக்குச் சொல்லவில்லை.

பி.ஆர்.பி என்பது ‘பிளேட்லெட் ரிச் பிளாஸ்மா’ என்னும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துச் சுருக்கம். ‘பிளேட்லெட்’ என்பது தட்டைக் குறிக்கும் ‘பிளேட்’ என்ற சொல்லோடு, சிறுமையைக் காட்டும் ‘லெட்’ என்ற விகுதி சேர்ந்தது; சிறிய தட்டு என்பதே அதன் நேர்ப்பொருள். இத்தாலிய மருத்துவ அறிஞர் ஜூலியோ பிட்சோசெரோ 1882இல் இவற்றை ரத்தத்தின் தனிக்கூறாக விளக்கி, உறைதலில் இவற்றுக்குள்ள பங்கைக் காட்டியபோது, அவர் இட்ட பெயருக்கும் சிறு தட்டு என்பதே பொருள். உருப்பெருக்கியில் அவர் கண்ட வடிவமே பெயராக நிலைத்துவிட்டது.

தமிழில் இதற்கு ‘ரத்தத் தட்டுகள்’, ‘தட்டணுக்கள்’, ‘குருதிச் சிறுதட்டுகள்’ என மூன்று வழக்குகள் உள்ளன. டெங்கிக் காய்ச்சல் செய்திகளால் ‘தட்டணு’ நம் காதுக்குப் பழகிவிட்டது. ஆயினும் அச்சொல்லில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. சிவப்பணு, வெள்ளையணு என்ற வரிசையில் ‘அணு’ என்பது உயிரணுவைக் குறிக்கிறது. பிளேட்லெட்டோ முழு உயிரணு அன்று. எலும்பு மச்சையில் உள்ள பெருங்கரு உயிரணுக்களிலிருந்து உதிரும் துண்டுகளே இவை என்பதை அமெரிக்க நோயியல் அறிஞர் ஜேம்ஸ் ஹோமர் ரைட் 1906இல் காட்டினார். கருவற்ற இந்தத் துண்டுகள் ஏறத்தாழ எட்டு முதல் பத்து நாள்வரை ரத்தத்தில் உலவி மறைகின்றன. ஆகவே வடிவத்தையும் சிறுமையையும் ஒருங்கே சொல்லி, இல்லாத ஒன்றை ஏற்றிச் சொல்லாத இலங்கை வழக்கான ‘சிறுதட்டு’ என்பதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

‘பிளாஸ்மா’ கிரேக்கச் சொல். வார்த்து உருவாக்கப்பட்டது என்பது அதன் மூலப்பொருள். (1928இல் அமெரிக்க அறிவியலாளர் இர்விங் லாங்மூர் மின்னூட்டம் பெற்ற வளிமத்துக்கும் இதே பெயரை வைத்ததால், இயற்பியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இச்சொல் வேறொன்றாகத் தோன்றும்.) ரத்தத்தில் ஏறத்தாழ 55 விழுக்காடாக இருக்கும் வைக்கோல் நிற நீர்ப்பகுதியே மருத்துவத்தில் பிளாஸ்மா, இதைக் ‘குருதி நீர்மம்’ என்பது பொருந்தும். ‘ரத்தம்’ சிவப்பு என்று பொருள்படும் வடசொல்லிலிருந்து வந்தது. ‘குருதி’யோ காந்தளைக் ‘குருதிப் பூ’ என்று பாடும் குறுந்தொகை முதற்பாட்டிலேயே உள்ளது. பேச்சில் ரத்தம் என்பதே இயல்பு என்றாலும், கலைச்சொல்லில் குருதி நன்றாக அமைகிறது. ஆனால் நீர்மத்தைத் ‘தெளிநீர்’ என்று எழுதிவிடக்கூடாது. ரத்தம் உறைந்தபின் பிரிந்து நிற்கும் ‘சீரம்’தான் தெளிநீர், சீரம் என்ற லத்தீன் சொல்லுக்கே மோர்த்தெளிவு என்பதுதான் பொருள். உறைய உதவும் புரதங்கள் நீர்மத்தில் உண்டு, தெளிநீரில் இல்லை. கடையில் விற்கும் ‘ஹேர் சீரம்’ இவ்விரண்டுக்கும் தொடர்பில்லாத பூச்சு.

இனி, அந்தப் ‘பணக்கார’ என்ற சொல். ‘ரிச்’ என்பது இங்கே செல்வத்தைக் குறிப்பதன்று, செறிவைக் குறிப்பது. ‘நிறைந்த’ என்று மொழிபெயர்ப்போரும் உண்டு. அது தவறன்று, ஆனால் நடப்பதை முழுதாகச் சொல்வதில்லை. கையிலிருந்து எடுத்த ரத்தத்தை உறையாமல் காக்கும் மருந்து கலந்த குழாயில் இட்டு, மையவிலக்குப் பொறியில் சுழற்றுகிறார்கள். வெளியே எடுத்த குழாயில் அடியில் அடர்சிவப்பு, நடுவில் மெல்லிய வெண்படலம், மேலே வெளிர்மஞ்சள் நீர் எனக் கோடு கிழித்தாற்போல் பிரிந்து நிற்கும். அந்த வெண்படலத்தை ஒட்டிய நீர்மப் பகுதியில்தான் சிறுதட்டுகள் கூடியிருக்கின்றன. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் இயல்பாக 1,50,000 முதல் 4,50,000 வரை இருப்பவை, இங்கே பத்து லட்சத்தை எட்டக்கூடும். புதிதாக எதுவும் சேரவில்லை. இருந்தவையே குறைந்த நீரில் நெருங்கி நிற்கின்றன. இந்த நெருக்கத்தைத் தமிழில் ‘செறி’ என்ற வினை அப்படியே சொல்லிவிடுகிறது. எனவே ‘சிறுதட்டு செறிந்த குருதி நீர்மம்’. சுருக்கமாக வேண்டுமெனில் ‘சிறுதட்டுச் செறிநீர்மம்’.

இத்தொடர் முதலில் முடிக்காக ஏற்பட்டதன்று. 1970களில் சிறுதட்டுகள் குறைந்த நோயாளிகளுக்கு ஏற்றும் நீர்மத்துக்கு வழங்கி, 1998இல் தாடை எலும்பு அறுவைச் சிகிச்சை ஆய்வு ஒன்றின் வழியே பரவலான கவனம் பெற்று, பிறகே தலைக்கு வந்தது. சிறுதட்டுகள் வெளிவிடும் வளர்ச்சிக் காரணிகள், அதாவது உயிரணுக்களை வளரத் தூண்டும் புரதங்கள், தோலில் முடி முளைத்தெழும் நுண்குழிகளான மயிர்க்கால்களைத் தூண்டும் என்பது எதிர்பார்ப்பு. தயாரிக்கும் முறை இடத்துக்கு இடம் வேறுபடுவதால் பலனும் ஒரே அளவாக அமைவதில்லை.

‘மயிர்க்கால்’ என்ற சொல்லைச் சித்திக்கு விளக்கத்தான் அதிக நேரம் பிடித்தது. தனிச்சொல்லாக ‘மயிர்’ இன்று வசையாகிப்போனாலும், இக்கூட்டுச்சொல்லை நாம் விட்டுவிடக்கூடாது. முடி கொட்டுவது வேறு, மெலிவது வேறு. மெலியும்போது மயிர்க்கால் சுருங்கி, வளரும் இழை ஒவ்வொரு சுற்றிலும் நூலாகிறது. சுருங்கிய காலைத் தேற்ற முடியலாம், மறைந்த காலை எந்த நீர்மமும் எழுப்பாது.

சென்னைக்குக் கிளம்பும் முன் சித்தி இங்குள்ள தோல் மருத்துவர் ஒருவரைப் பார்த்தார். “டாக்டர், என் மயிர்க்கால் இன்னும் உயிரோட இருக்கா?” என்பதே அவர் கேட்ட முதற்கேள்வி. மருத்துவர் உருப்பெருக்கியை எடுத்து, அவருடைய வகிட்டை விரித்துப் பார்த்தார்.